குதிரையை லொறியில் ஏற்றுமுன்: மலையகத்துக்கான சட்டமும் செய்முறையும்

ஏப்ரல் சீசனில் நுவரெலியா ரேஸ் கோர்ஸில் ஓடும் குதிரையானாலும் சரி, கிரகரி வாவிப் பக்கம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடக்கும் மட்டக்குதிரையானாலும் சரி, ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் லொறியில் ஏறத்தான் வேண்டும். குதிரைக்கென்றே செய்த வண்டி நம் பக்கம் அரிது. கைக்கு அகப்படுவது மரக்கறி ஏற்றும் லொறி, இல்லாவிட்டால் மாடு ஏற்றும் லொறி. அந்த லொறியில், வளைவும் இறக்கமுமான பாதையில், குதிரையை முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி, சட்டம் அதில் எங்கே வருகிறது என்பதைக் குதிரை வைத்திருப்பவர்களுக்கும் பராமரிப்பவர்களுக்கும் லொறி ஓட்டுபவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் சட்டம்

இலங்கையில் இதற்கு அடிப்படையாக நிற்பது 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம். துரைமார் குதிரையில் தோட்டம் சுற்றிய காலத்துச் சட்டம். வீட்டு விலங்கோ பிடித்து வைத்த விலங்கோ எதுவானாலும் அதற்குள் அடங்கும், எனவே குதிரையும் அடங்கும். அடிப்பது, அளவுக்கு மீறி ஓட்டுவது மட்டுமல்ல, தேவையில்லாத வேதனை உண்டாகும் விதத்தில் கட்டிக் கொண்டுபோவதும் குற்றம். தண்டனை அதிகபட்சம் நூறு ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நூறு ரூபாய்க்கு இன்று ஒரு பால் தேத்தண்ணி குடிப்பதே கஷ்டம். இதை மாற்றுவதற்காகச் சட்ட ஆணைக்குழு 2006 இல் ஒரு விலங்கு நலச் சட்ட வரைவைத் தயாரித்துக் கொடுத்தது. அந்த வரைவு பல ஆண்டுகள் வரைவாகவே இழுபட்டது.

அபராதம் சின்னது என்பதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. ‘வேதனைப்படுத்தாதே’ என்று சொல்லும் இந்தப் பழைய சட்டத்தில் அளவுகள் கிடையாது. ஒரு குதிரைக்கு எத்தனை அடி இடம், எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர், ஏற்றும் பலகை எவ்வளவு சாய்வு என்று தேடினால் கிடைக்காது. குதிரை விழுந்து கால் முறிந்த பிறகுதான் சட்டம் வந்து சேரும். அதனால் அளவுகளை வெளியிலிருந்து எடுத்துக்கொள்வதே புத்தி. இரண்டு இடங்களில் அவை தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்று, இந்தியாவின் 1978 ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள். அதில் குதிரை, கோவேறு கழுதை, கழுதைக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. மற்றது, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005 ஆம் ஆண்டு 1 ஆம் இலக்க ஒழுங்குவிதி. அது 2007 ஜனவரி 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டும் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நாளைக்கே ஒரு முறைப்பாடு நீதவான் முன் போனால், ‘இந்த அளவுகளைப் பார்த்துத்தான் ஏற்றினேன்’ என்று சொல்பவருக்கும் ‘வழக்கமாக இப்படித்தான் ஏற்றுவோம்’ என்று சொல்பவருக்கும் வித்தியாசம் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம்: வெளிநாட்டு விதிகள் சமதரையில் ஓடும் அகலப் பாதைகளை மனதில் வைத்து எழுதியவை. கம்பளையிலிருந்து புசல்லாவ, றம்பொட வழியாக ஏறும் ஏ-5 பாதைக்கு அவை குறைந்தபட்சம்தான். ஐரோப்பிய விதியில் 65 கிலோமீற்றருக்கு உட்பட்ட பயணங்களுக்குச் சாரதிச் சான்றிதழ் போன்ற சில நிபந்தனைகள் தளர்த்தப்பட்டிருக்கின்றன. நம் மலையில் 65 கிலோமீற்றர் என்பது சின்னப் பயணமா? ஹட்டன் பக்கமோ பண்டாரவளைப் பக்கமோ ஒரு முறை லொறியின் பின்தட்டில் நின்று போய்ப் பார்த்தவருக்குத் தெரியும். இங்கே தூரத்தைக் கணக்கெடுக்காதீர்கள், நேரத்தையும் வளைவையும் கணக்கெடுங்கள்.

படி 1: போகத் தகுந்த குதிரைதானா?

லொறிக்குச் சொல்லுமுன் குதிரையைப் பாருங்கள். தானாக நடக்க முடியாத குதிரை, நொண்டும் குதிரை, ஆழமான திறந்த காயமுள்ள குதிரை ஏறக்கூடாது. தொப்புள் இன்னும் ஆறாத குட்டியும், ஈன்று ஒரு வாரம் ஆகாத தாயும் அப்படித்தான். சினைக்காலத்தில் பத்தில் ஒன்பது பங்கு கடந்த பெட்டைக்கும் ஐரோப்பிய விதி தடை போடுகிறது. குதிரையின் சினைக்காலம் சுமார் 340 நாள். ஆகவே பத்து மாதம் முடிந்தால் பயணத்தை மறந்துவிட வேண்டும்.

இருமல், மூக்கில் சளி, காய்ச்சல் இருந்தால் கண்டிப்பாகத் தள்ளிப்போடுங்கள். காரணம் கீழே வருகிறது. ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரையின் உடல் வெப்பம் 37.5 இலிருந்து 38.5 பாகை செல்சியஸ் வரை, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 இலிருந்து 44 வரை இருக்கும். புறப்படும் நாளுக்கு முன் மூன்று நாள் காலையில் வெப்பத்தை அளந்து ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். உங்கள் குதிரைக்கு எது சாதாரணம் என்று தெரிந்தால்தான் போய்ச் சேர்ந்தபின் எது அசாதாரணம் என்று பிடிபடும்.

துள்ளுகிற குதிரைக்கு மயக்க ஊசி போட்டு ஏற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். கால்நடை வைத்தியர் சொல்லாமல் வேண்டாம். அரைமயக்கத்தில் இருக்கும் குதிரையால் வளைவில் தன்னை நிறுத்திக்கொள்ள முடியாது.

படி 2: தாள்கள்

பகுதியின் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போய், பயணத்துக்குத் தகுதியானது என்று கால்நடை வைத்தியரின் எழுத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். மாடுகளைக் கொண்டுபோவதற்கான அனுமதிப்பத்திர முறை 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மிருகங்கள் சட்டத்தோடு வருவது. உங்கள் குதிரைக்கும் பயணத்துக்கும் வேறென்ன தாள் வேண்டும் என்பதை அதே அலுவலகத்தில் நேரே கேட்டுவிடுங்கள். ஏதாவது தொற்றுநோய் பரவி நடமாட்டக் கட்டுப்பாடு இருந்தால் அதுவும் அங்கே தெரியவரும். அந்த அதிகாரம் 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. வெளிநாட்டிலிருந்து குதிரை இறக்குபவருக்கும் அந்தச் சட்டம்தான், பேராதனையில் இருக்கும் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதிதான். அது வேறு பெரிய கதை.

வைத்தியர் கடிதத்தோடு குதிரை உங்களுடையது என்பதற்கான ஆதாரம், அனுப்புபவர், பெறுபவர் இருவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய ஒரு தாள் ஆகியவற்றைச் சாரதியின் கையில் கொடுங்கள். இந்திய விதிகள் இந்த விவரத்தைப் பெரிய சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டச் சொல்கின்றன. பாதி இரவில் லொறி எங்காவது நின்றுபோனால் அந்தத் தாளின் அருமை தெரியும்.

படி 3: லொறியை அளந்து பாருங்கள்

அளவு நாடாவை எடுங்கள். ஐரோப்பிய விதிப்படி வளர்ந்த குதிரைக்குக் குறைந்தது 0.7 மீற்றர் அகலமும் 2.5 மீற்றர் நீளமும் வேண்டும். தோள் உயரம் 144 சென்டிமீற்றருக்குக் குறைந்த மட்டக்குதிரைக்கு 0.6 மீற்றர் அகலம், 1.8 மீற்றர் நீளம்.

இப்போது நம் சிறிய லொறியின் பெட்டியைப் பாருங்கள். உள் அகலம் ஆறு அடி என்றால் அது 1.83 மீற்றர். மட்டக்குதிரை குறுக்காக நிற்கும், அதுவும் மட்டுமட்டாக. பெரிய குதிரை குறுக்காக நிற்கவே முடியாது. தலை ஒரு பக்கம், பின்பகுதி மறுபக்கம் இடிபட்டுக்கொண்டே வரும். இந்திய விதிகளில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: எதிரே வரும் வாகனத்தைக் கண்டு மிரளாமல் இருக்கக் குதிரையின் தலை இடப்பக்கம் இருக்க வேண்டும் என்று. நாமும் இடப்பக்கமாக ஓட்டுபவர்கள்தான், ஆகவே அது நமக்கும் பொருந்தும். ஆனால் அதைப் பெரிய குதிரைக்குச் செய்ய எட்டடிக்குமேல் உள் அகலமுள்ள பெட்டி வேண்டும். இல்லாவிட்டால் நீளவாக்கில்தான் நிறுத்த வேண்டும், இரண்டு குதிரைக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் கூடாது. அந்த விதிகள் ஒரு வாகனத்தில் நான்கிலிருந்து ஆறு வரை அனுமதிக்கின்றன என்பதற்காக ஆறு அடைக்க வேண்டாம். அது பெரிய பெட்டிக்கு.

உயரம்: கூட்டத்தில் உயரமான குதிரையின் தோளுக்கு மேல் இன்னும் 75 சென்டிமீற்றர் இருக்க வேண்டும். 15 கை உயரக் குதிரை என்றால் தோள் 152 சென்டிமீற்றர், கூரை 227 சென்டிமீற்றர், அதாவது ஏழரை அடி. கூரை இல்லாத லொறியில் உயரப் பிரச்சினை இல்லை என்று நினைக்கலாம். ஆனால் தோட்டப் பாதைகளில் தாழ்ந்து தொங்கும் சவுக்குக் கிளையும் டெலிபோன் கம்பியும் நிமிர்ந்து நிற்கும் குதிரையின் கண்ணுக்கு நேரே வரும். பக்கப்பலகையை உயர்த்திக் கட்டி, மேலே வளைவுக் கம்பி போட்டுத் தறப்பாள் கட்டுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் காற்று போக வழி விடுங்கள், நான்கு பக்கமும் மூடிவிட வேண்டாம்.

தரைதான் உயிர். இரும்புத் தகட்டுத் தரையில் லாடம் போட்ட கால் ஐஸ்கட்டியில் நிற்பதுபோல் வழுக்கும். தடித்த இறப்பர் பாய் விரித்து, அதன்மேல் மரத்தூளோ வைக்கோலோ போடுங்கள். மரத்தூளைக் கொஞ்சம் ஈரமாக்கினால் தூசி பறக்காது. தரைப் பலகையை அடியிலிருந்தும் தட்டிப் பார்க்க வேண்டும். உக்கிப்போன பலகை உடைந்து கால் கீழே போவது கேள்விப்படாத சங்கதி அல்ல.

குதிரைகளுக்கு இடையே தடுப்பு வேண்டும். குறைந்தது 8 சென்டிமீற்றர் தடிப்புள்ள மூங்கில் கம்பும், பின்பக்கம் இரண்டு பலமான மரச்சட்டமும் போடச் சொல்கின்றன இந்திய விதிகள். மூங்கில் நமக்குப் பஞ்சமில்லை. கம்பைச் சாக்கால் சுற்றிவிடுங்கள். தடுப்பு தரைவரை முழுப்பலகையாக இருக்கக் கூடாது. வளைவில் குதிரை காலை அகட்டி வைத்துத்தான் சமநிலை பிடிக்கும், கீழே இடம் வேண்டும்.

ஆண்குதிரையும் பெட்டையும் சேர்ந்து வரக்கூடாது, ஒன்றையொன்று கடிக்கும் இரண்டையும் சேர்க்கக்கூடாது. கட்டிய குதிரையையும் கட்டாத குதிரையையும் ஒன்றாக விடவேண்டாம். தாயையும் பால்குடிக் குட்டியையும் பிரிக்காதீர்கள். ஒரே ஒரு குதிரை என்றால், நீளவாக்கில் வலப்பக்கம், அதாவது சாரதிப் பக்கம் நிறுத்துங்கள். பாதை ஓரத்துக்குச் சரிந்து கிடப்பதால், இடப்பக்கம் பாரம் கூடினால் லொறி கானுப் பக்கம் இழுக்கும்.

படி 4: ஏற்றுவது

சாய்வுப் பலகை 20 பாகைக்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய அளவு. லொறித் தரை நிலத்திலிருந்து 90 சென்டிமீற்றர் உயரம் என்றால், பலகை 2.6 மீற்றருக்குக் குறையக் கூடாது. அவ்வளவு நீளப் பலகை பெரும்பாலும் இருக்காது. இங்கேதான் மலை நமக்கு உதவும். லொறியை ஒரு மண்திட்டுக்குப் பின்புறமாக எடுங்கள். தேயிலை ஸ்டோரில் பெட்டி ஏற்றும் மேடையோ, தரை உயர்ந்து நிற்கும், கொழுந்து நிறுக்கும் ஒரு மடுவமோ அனுமதியோடு கிடைத்தால் இன்னும் நல்லது. குதிரை சமதரையில் நடந்து உள்ளே போகும். திட்டுக்கும் லொறிக்கும் இடையே கால் புகும் அளவுக்கு இடைவெளி விடாமல் பலகை போடுங்கள்.

புறப்படும் காலையில் பழக்கப்படுத்தத் தொடங்கினால் நேரம் போதாது. ஒரு வாரத்துக்கு முன்னரே நிறுத்திய லொறிக்குள் தினமும் ஏற்றி, ஒரு கைப்பிடி தவிடு கொடுத்து, இறக்கிப் பழக்குங்கள். இருட்டுக்குள் நுழையக் குதிரை தயங்கும், எனவே உள்ளே வெளிச்சம் படும்படி லொறியை நிறுத்துங்கள். பின்னால் நின்று கம்பால் அடிப்பதில் பயனில்லை. அதோடு 1907 சட்டத்தின் முதல் வரிகளே அதைப் பற்றியவை.

கட்டும் கயிறு முகக்கயிற்றில்தான் பூட்ட வேண்டும், கடிவாளத்தில் வேண்டாம். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுப் போடுங்கள். அந்தக் கயிற்றையும் வளையத்தில் நேரடியாகக் கட்டாமல், சணல் நூலில் ஒரு கண்ணி போட்டு அதில் கட்டினால், குதிரை விழுந்தால் நூல் அறுந்து கழுத்து தப்பும். கையில் ஒரு கூரான கத்தி எப்போதும் இருக்கட்டும்.

கயிற்றின் நீளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் கெடுவது இங்கேதான். தலையை உயர்த்திக் குட்டையாகக் கட்டினால் குதிரை அசையாது, ஏற்றுபவருக்கு நிம்மதி. ஆனால் குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் கீழே வடியும். மணிக்கணக்காகத் தலை மேலேயே நின்றால் அந்தச் சளியும் கிருமியும் நுரையீரலுக்கு இறங்கும். பயணக் காய்ச்சல் என்று சொல்லும் நெஞ்சுச்சளிக் காய்ச்சல் இப்படித்தான் வருகிறது, கவனிக்காவிட்டால் உயிரையே எடுக்கும். ஏற்கெனவே இருமும் குதிரையை ஏற்றாதீர்கள் என்று மேலே சொன்னதற்கும் இதுதான் காரணம். ஆகவே தலை மார்பு மட்டத்துக்கு வரும் அளவு நீளம் விடுங்கள், முன்கால் கயிற்றைத் தாண்டும் அளவுக்கு விடாதீர்கள்.

படி 5: மலையில் ஓட்டுவது

இந்திய விதிகள் மணிக்கு 35 கிலோமீற்றருக்கு மேல் போகக் கூடாது என்கின்றன. மலைப்பாதையில் அதையே உச்சமாக வைத்துக்கொள்ளலாம். கொண்டை ஊசி வளைவில் நடைவேகம்தான். குதிரையின் எடையில் ஏறத்தாழ அறுபது வீதம் முன்கால்களில் நிற்கும். முன்னோக்கி நிற்கும் குதிரைக்கு இறக்கத்தில் பிரேக் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பாரம் இன்னும் முன்னே தள்ளும். சாரதிக்கு ஸ்டீயரிங் இருக்கிறது, வளைவு வருவது கண்ணுக்குத் தெரிகிறது. குதிரைக்கு இரண்டும் இல்லை. எனவே இறக்கம் தொடங்குமுன்னே கியரைக் குறைத்து, எஞ்சின் பிடியில் இறங்குங்கள். பிரேக்கை மெதுவாகத் தொட்டு மெதுவாக விடுங்கள். வளைவில் லொறியின் பின்சக்கரம் நேராகும்வரை அக்சிலேட்டரை மிதிக்க வேண்டாம். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும், இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிடுங்கள். பின்னோக்கி நிற்கும் குதிரைகளின் இதயத்துடிப்பு குறைவாக இருந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. உங்கள் குதிரை எந்தப் பக்கம் திரும்பி நிற்க விரும்புகிறது என்று சின்னப் பயணமொன்றில் பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீரும் ஓய்வும்: குதிரைகளுக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர், தேவைப்பட்டால் தீனி என்பது ஐரோப்பாவின் விளிம்பு. அமெரிக்காவில் இறைச்சிக்குக் கொண்டுபோகும் குதிரைகளை 28 மணி நேரத்துக்குமேல் இறக்காமல் வைத்திருக்கக் கூடாது என்று விதி. இவை எல்லை, இலக்கு அல்ல. வளர்ந்த குதிரை நாளுக்கு 25 இலிருந்து 50 லீற்றர் வரை குடிக்கும். கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குச் சுமார் 180 கிலோமீற்றர். குதிரையோடு மெதுவாக வந்தால் ஏழெட்டு மணி நேரமாவது ஆகும். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை சமதரையில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள், தலையைத் தாழ்த்த விடுங்கள். மலை ஏறத் தொடங்குமுன் கம்பளையில் ஒரு நிறுத்தம் போடுவது நல்லது. பழக்கமில்லாத தண்ணீரைக் குதிரை முகர்ந்துவிட்டு விட்டுவிடும், எனவே வீட்டுத் தண்ணீரையே கேனில் எடுத்துவாருங்கள். உலர்புல்லை நனைத்துக் கொடுங்கள்.

குளிர் இன்னொரு சங்கதி. கீழே முப்பது பாகையில் வியர்த்து ஏறும் குதிரை, 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் பனிமூட்டத்துக்குள் இறங்கும். வியர்வை ஈரத்தோடு காற்றில் நிற்கவிடாதீர்கள். றம்பொடக்கு முன்னே நிறுத்தி உடம்பைத் துடைத்து, மெல்லிய போர்வை போடுங்கள். கீழேயே போர்வை போட்டு மூடிக்கொண்டு வருவதும் தப்பு.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு விஷயம். புத்தாண்டை ஒட்டிய சீசன் வாரத்தில் நுவரெலியாப் பாதை எப்படி அடைபடும் என்று சொல்லத் தேவையில்லை; ரேஸ் குதிரை என்றால் அதற்கு முன்னரே மேலே கொண்டுவந்துவிடுங்கள். மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் புறப்படாதீர்கள். மூடிய பாதையில் ஆள் என்றால் இறங்கி நடக்கலாம், குதிரையை இறக்க இடம் வேண்டும்.

வழியில் ஏதாவது நடந்தால்

லொறி நின்றுபோனால் உடனே பின்பலகையைத் திறக்க வேண்டாம். மிரண்ட குதிரை பாதையில் இறங்கி ஓடினால் குதிரைக்கும் ஆபத்து, எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கும் ஆபத்து. சக்கரத்துக்குக் கல் வைத்து, முன்னும் பின்னும் ஆள் நிறுத்தி வாகனங்களை மெதுவாக்கிய பிறகே மற்றது. குதிரை உள்ளே விழுந்துவிட்டால், அதன் கால்பக்கம் யாரும் நுழையக்கூடாது. வெளியே நின்றபடி தலைக்கயிற்றை அறுத்து, இடைக்கம்பைக் கழற்றுங்கள். பெரும்பாலும் தானே எழுந்துகொள்ளும். எழவில்லை என்றால் கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

வேறொருவரின் லொறியில் குதிரை வதைபடுவதைக் கண்டால், லொறி இலக்கம், இடம், நேரம், படம் நான்கையும் எடுத்துக்கொண்டு 119 க்கோ பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்கோ சொல்லுங்கள். முறைப்பாட்டில் 1907 கட்டளைச் சட்டத்தின் பெயரைக் குறிப்பிடுங்கள். கால்நடை வைத்தியர் பரிசோதித்து எழுதிய அறிக்கை இல்லாவிட்டால் வழக்கு நிற்பது கடினம், எனவே குதிரையை வைத்தியருக்குக் காட்டச் சொல்லி வற்புறுத்துங்கள். நடுப்பாதையில் சாரதியோடு சண்டைக்குப் போவதால் குதிரைக்கு எந்த நன்மையும் ஆகப்போவதில்லை.

படி 6: இறக்கிய பிறகு

அவசரப்பட்டு இறக்காதீர்கள். பாதிப்பேர் பின்பலகை திறந்ததும் இழுப்பார்கள். முதலில் தலைக்கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, அதன்பிறகே பின்சட்டத்தை எடுக்க வேண்டும். கட்டியபடி பின்னே வரப்பார்த்தால் குதிரை பதறி இழுக்கும்.

இறங்கியதும் பத்து நிமிடம் கையில் பிடித்து நடக்க விடுங்கள், கால்களைத் தடவிப் பாருங்கள், தண்ணீரும் நனைத்த புல்லும் தரையிலேயே வையுங்கள். தானியம் அன்று வேண்டாம். சாணம் போடுகிறதா, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறதா, படுத்துப் புரள்கிறதா என்று அன்றிரவு கவனியுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிற்றுவலி என்றால் உடனே வைத்தியர்தான்.

அடுத்த மூன்று நாளும் காலையும் மாலையும் வெப்பத்தை அளந்து, புறப்படுமுன் எழுதிய கொப்பியோடு ஒப்பிடுங்கள். 38.5 ஐத் தாண்டினாலோ, தீனி குறைந்தாலோ, இருமினாலோ ‘பயண அலுப்பு’ என்று விட்டுவிடாதீர்கள். அந்த மூன்று நாளும் சவாரியும் வேண்டாம், ஓட்டப் பயிற்சியும் வேண்டாம். சீசன் நேரம், உழைக்கும் நேரம் என்று முதலாளி நச்சரித்தாலும் வைத்தியரின் கடிதத்தைக் காட்டுங்கள்.